மூடுபனி வீடியோ

சசிரேகாவின் விரல்கள் பழைய கைபேசியின் திரையைத் தொட்டும் தள்ளியும் பார்த்தன. பதுளையிலிருந்து புறப்பட்ட ரயில் அப்புத்தளையை நெருங்கியது. சிக்னல் தேய்ந்துபோகும் இந்த வளைவில் திறக்காத இணையதளத்தை அவள் யாரிடமும் ஒப்படைப்பதில்லை. தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் யூடியூப் பார்த்தே இணையதளம் அமைக்கும் தொழிலைப் படித்தவளின் வழக்கம் அது.

இம்முறை அவள் திருத்தியது அப்புத்தளை வாஹித்தின் தளம். அவரது தங்குவிடுதி கூகுள் தேடலில் எங்கோ அடியில் கிடந்தது. இந்தச் சுற்றுலாப் பருவமும் அறைகள் நிரம்பாவிட்டால் அவர் விடுதியை மூடவேண்டியதுதான். தளத்தின் பழைய முகப்பை ஒரு மூடுபனி வீடியோ அடைத்திருந்தது. அவர் மகன் றுஷ்தி கட்டாருக்கு வேலைக்குப் போகுமுன் எடுத்தது.

வாஹித் நிலையத்திலேயே காத்திருந்தார். "வீடியோவத் தூக்கிட்டியா புள்ள?"

"கீழ வச்சிருக்கேன் வாஹித் நானா. தொட்டாத்தான் ஓடும். பக்கம் தொறக்க நேரமானா, ரயில்ல வர்றவங்க அடுத்த விடுதியப் பாக்கப் போயிருவாங்க. சட்டுன்னு தொறக்குதா, போன்ல வாசிக்க முடியுதான்னு கூகுளும் பாக்குது."

"உண்மதான். அப்புத்தளப் பனிகூட மகன்ட வீடியோப் பனிய விடச் சுறுக்கா விலகிரும்," என்று சிரித்தவர் உடனே கேட்டார்: "அப்ப, நாளைக்கே கூகுள்ல மொதல்ல வருமா?"

"அப்படிச் சொல்ல மாட்டேங்க. அறைகளப் பத்தின விவரமும் சரியா இருக்கணும். அதையும் திருத்தி எழுதியிருக்கேன். மெதுவா மேல வரும். வந்து பாக்குறவங்க திரும்பிப் போக மாட்டாங்க."

வாஹித் கையை நீட்டினார். ரயில் வளைவிலேயே திறந்துவிட்ட பக்கத்தில் அறைகளும் வாடகையும் தொலைபேசி எண்ணும் பளிச்சென்று தெரிந்த திரையோடு, கைபேசியை அவரிடம் கொடுத்தாள்.