பதினாலு மூட்டை மிளகும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும்

என் வீட்டு முன்னறையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் மூன்றே முக்கால் அடி உயரம், அறுபத்திரண்டு கிலோ எடை. ஒரு பெட்டிக்கு நாற்பத்தெட்டு ஸ்க்ரூ. ஒன்றுகூட வெளியே தெரியாது. எந்தக் கம்பெனி என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். கம்பெனி உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வேன்.

இந்த வடிவத்தை நான் முதலில் பார்த்தது மச்சான் வீட்டில். மச்சான் என் மனைவியின் அண்ணன். நாங்கள் இருக்கும் மலைக்குக் கீழே சேந்தமங்கலம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். புது வீடு கட்டியதும் வெளிநாட்டிலிருந்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் வரவழைத்தார். அந்த விலைக்கு ஒரு லாரியே வாங்கியிருக்கலாம் என்று உறவில் பேசிக்கொண்டார்கள். வீடு குடிபுகுந்த அன்று எல்லோரும் மாடியைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். நான் கூடத்திலேயே நின்று பையிலிருந்த டேப்பை எடுத்துப் பெட்டியை அளந்தேன். நில அளவையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். டேப் இல்லாமல் வெளியே கிளம்பிப் பழக்கமில்லை. பெட்டியின் பக்கப் பலகை பரிசலின் விளிம்பைப்போல வளைந்திருந்தது. விரல் கணுவால் தட்டினேன். கருங்கல்லைத் தட்டியதுபோல் இருந்தது. மரம் என்பதற்கான சத்தமே இல்லை.

மச்சான் பார்த்துவிட்டார்.

“என்ன மாப்ள, அது பலாப்பழமா? தட்டிப் பாக்கறீங்க.”

“உள்ளுக்குள்ள மணல் இருக்குமாட்ட இருக்குது மச்சான். பின்னால நாலு ஸ்க்ரூவக் கழட்டுனாப் பாத்துரலாம்.”

“கழட்டுங்க. அப்பறம் உங்களையும் உள்ள போட்டு மூடிர்றேன்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “பிளைவுட்டும் பசையும் தானுங்க மச்சான். இத நானே செஞ்சிருவேன்” என்றேன்.

“செய்யுங்க. மொளகு பறிச்சு முடிச்சதும் வாரேன். உங்க பொட்டி என்றதுல பாதி பாடுச்சுன்னா, என்ற பொட்டியக் கோழிக்கூடு ஆக்கிர்றேன்.”

அந்தப் பேச்சோடு மலையேறினேன். மலைப்பாதையின் எழுபது வளைவிலும் பலகைக் கணக்குதான் ஓடியது.

இதே வடிவத்தை வீட்டில் செய்து பார்த்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இணையத்தில் போட்டிருந்த படங்களையும் அளவுகளையும் ஒன்று விடாமல் படித்தேன். ஒலி எழுப்பும் கூம்புகளை வரவழைத்து, எங்கள் மலையின் கடைத்தெருவான செம்மேட்டில் பார்சலைப் பெற்று, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வளைந்த பலகைக்கு மெல்லிய பிளைவுட்டை ஆறு அடுக்காகப் பசை தடவி, அச்சின் மேல் போர்த்தி, பழைய பைக் டியூபால் இறுக்கிக் கட்டினேன். முப்பத்தொரு டியூப். செம்மேட்டுப் பஞ்சர் கடைக்காரர் நான் டியூபைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பெட்டியின் சுவர் இரட்டைச் சுவர். நடுவில் மணல். அதுதான் பெட்டி அதிராமல் பார்த்துக்கொள்கிறது. மணல் ஈரமாக இருந்தால் பலகை ஊறிவிடும். எங்கள் மலையில் மணல் தானாகக் காயாது. காலையில் காய்ந்ததை மாலையில் மூடுபனியாக இறங்கும் மஞ்சு நனைத்துவிடும். ஆகவே அடுப்பில் வறுத்தேன்.

“ஏனுங்க, அது நான் கடலை வறுக்கற சட்டி” என்றாள் மனைவி.

“நீ மணல் போட்டுத்தான கடலை வறுக்கறெ?”

“நான் கடலையும் போடுவனுங்க. நீங்க வெறும் மணலை வறுத்துட்டு இருக்கறீங்க.”

பெட்டிக்குள் அடைக்க இலவம்பஞ்சு வேண்டியிருந்தது. இரண்டு தலையணையைப் பிரித்தேன். அன்றிலிருந்து போர்வையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்கிறேன். கழுத்து வலி இருக்கிறது. பரவாயில்லை.

முடித்து, ஒரு பழைய கச்சேரியைப் போட்டேன். பாடகர் பாடும் முன் மூச்சை இழுப்பது கேட்டது. வயலினில் வில் திரும்பும் இடம் கேட்டது. தம்புரா பாடகருக்குப் பின்னால் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது. நான்கடி. நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். மச்சானின் கோழிக்கூட்டுக்கு எத்தனை கோழி கொள்ளும் என்று யோசித்தேன். அப்போது மிருதங்கம் தொடங்கியது.

மிருதங்கத்தின் வலது தோல் நன்றாகத்தான் பேசியது. கனத்த ஒலி தரும் இடது தோலில் கை விழும்போதெல்லாம் சத்தம் உப்பியது. காலியான தண்ணீர்த் தொட்டிக்குள் யாரோ குதித்ததுபோல ஒரு முழக்கம். அடி முடிந்த பிறகும் அறையை விட்டுப் போக மறுத்தது. ஜன்னல் கண்ணாடி கூடவே நடுங்கியது.

மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். “யாரோ கதவத் தட்டறாங்க. போய்ப் பாருங்க.”

பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெட்டியின் பின்பக்கத்தில் காற்று போகும் குழாய் ஒன்று உண்டு. அதன் நீளத்தை ஒன்பது தடவை மாற்றினேன். மேல் சுரத்தையும் கீழ் சுரத்தையும் பிரித்து அனுப்பும் கம்பிச்சுருளை அவிழ்த்து எட்டுச் சுற்றுக் குறைத்துச் சுற்றினேன். பஞ்சைக் கூட்டினேன், குறைத்தேன். கரண்ட் ஏறி இறங்குவதால் இருக்குமோ என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். பெட்டியில் பிழை இல்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். எந்தப் பலகையும் அரை மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. இருந்தும் தட்டுகிற ஆள் கதவை விட்டுப் போகவில்லை.

இதற்குள் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடிகளில் மிளகு பழுத்துவிட்டது. எங்கள் வீட்டில் மூன்று அறைகள். காய்ந்து கிடப்பது முன்னறை ஒன்றுதான். வருடாவருடம் மிளகு மூட்டை அங்கேதான் இருக்கும்.

“மொளகு வரப்போகுது. பொட்டிய எங்க நகத்தறது?” என்று மனைவி கேட்டாள்.

“பொட்டி நகராது.”

“அப்ப மொளகுல பூஞ்சணம் புடிக்கட்டுங்களா? வருசம் பூரா கொடிய வளத்துனது நான்.”

அவள் சொன்னது சரி. தோட்டத்தை அவள்தான் பார்க்கிறாள். நான் கொடிகளை எண்ணுவதோடு சரி.

“ஒண்ணு செய்யலாமுங்க. அண்ணன் வந்து கேக்கட்டும். நல்லா இருக்குதுன்னு சொன்னாப் பொட்டி இங்கயே இருக்கட்டும், மொளகுக்கு நான் வேற எடம் பாத்துக்கறேன். இல்லீன்னா ரெண்டும் மாட்டுக் கொட்டாய்க்குப் போகோணும்.”

ஒப்புக்கொண்டேன். ஆனால் மாட்டுக் கொட்டாய் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஸ்பீக்கரின் கூம்பு காகிதத்தால் ஆனது. அந்த ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. சாணிச் சூட்டில் பசை விட்டு, வளைந்த பலகை நிமிர்ந்துவிடும். எலிக்குப் பஞ்சு இருக்கிறது, படுக்கை தேட வேண்டாம். மச்சான் மட்டும் அன்று வந்து கேட்டிருந்தால் பெட்டிகளின் கதை முடிந்திருக்கும்.

ஒரு பிற்பகல் வயரைப் பற்றவைக்க ஈயக்கம்பி வாங்கச் செம்மேடு போயிருந்தேன். திரும்பும்போது மஞ்சு வழக்கத்தைவிடச் சீக்கிரமாக இறங்கித் தூறலும் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் நுழைந்தால் முன்னறையில் மிளகு மூட்டைகள். களத்தில் காய்ந்து கட்டி வைத்ததை மனைவியும் வேலைக்கு வந்த இரண்டு பெண்களும் அவசரமாக உள்ளே தூக்கிப் போட்டிருந்தார்கள். பெட்டிகள் சுவரைவிட்டு மூன்றடி தள்ளி நிற்பதால் மூலைகள்தான் காலியாக இருந்தன. நான்கு மூலையிலும் மூட்டை. நாலு, நாலு, மூணு, மூணு. பதினாலு.

“அறைக்குள்ள எது எங்க இருக்கோணும்னு ஒரு கணக்கு இருக்குது அம்மிணி” என்று கத்தினேன்.

“பொட்டி தலைமேலயா வெச்சேன்? மூலையிலதானுங்க வெச்சிருக்கறேன்.”

எவ்வளவு கெட்டுப்போயிற்று என்று அவளுக்கே காட்டுவதற்காகக் கச்சேரியைப் போட்டேன். மிருதங்கம் வந்தது. இடது கை விழுந்தது. அடி விழுந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. வயர் ஏதும் கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். கழலவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். தோல், கை, அடி. அவ்வளவுதான் அறையில் இருந்தது.

மனைவி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். “இப்பக் கதவத் தட்டுனவன் போயிட்டானாட்ட இருக்குது.”

டேப்பை எடுத்தேன். அறை பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. வீடு கட்டும்போது கொத்தனாரிடம் மூலைவிட்டம் அளந்து காட்டி, துல்லியமான சதுரமாகக் கட்ட வைத்தது நானேதான். சதுரமான அறையில் நீளவாக்கில் போய் மோதித் திரும்பும் சுரமும் அகலவாக்கில் திரும்பும் சுரமும் ஒன்றேயாகிவிடும். ஒன்றோடு ஒன்று சேர்ந்து மூலையில் குவியும். அந்தக் குவியலை மிளகு விழுங்கிவிட்டது. இதையெல்லாம் முன்பே படித்திருந்தேன். பெட்டியை மட்டுமே அளந்துகொண்டிருந்ததில் அறையை அளக்கத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் தெளிவாயிற்று: பெட்டியில் பிழை இல்லை என்று நான் சொன்னது சரி.

மச்சான் வந்தார். மிளகைக் கீழே மண்டிக்குக் கொண்டுபோக ஒரு பிக்கப் வண்டியும் டிரைவரும் இரண்டு சுமையாட்களும் கூட வந்திருந்தார்கள்.

“முதல்ல மூட்டைய ஏத்திரலாம் மாப்ள. மஞ்சு எறங்குச்சுன்னா வளைவுல வண்டி ஆகாது. அப்பறம் சாவகாசமா உங்க பொட்டிப் பாட்டக் கேக்கலாம்.”

“முதல்ல பாட்டு” என்றேன்.

“மொளகுக்கும் பாட்டுக்கும் என்னுங்க சம்பந்தம்?”

சொன்னால் சிரிப்பார். சொல்லாவிட்டால் மூட்டை போய்விடும். நான் திணறியபோது மனைவி காப்பியோடு வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பேசாமல் இருந்திருந்தாலே அறை அவளுக்குக் கிடைத்திருக்கும்.

“காப்பி குடிக்கற வரைக்கும் கேளுங்கண்ணா. மஞ்சு இன்னும் வரல” என்றாள்.

மச்சான் உட்கார்ந்தார். கச்சேரி தொடங்கியது. பாடகர் மூச்சு இழுத்த இடத்தில் அவர் டம்ளரைக் கீழே வைத்தார். மிருதங்கம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். தொடையில் தாளம் போட்டார். நான் மூச்சு விட்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சுமையாட்கள் உள்ளே வந்தார்கள். டிரைவர் அவசரப்படுத்தியிருக்கிறார். பின்மூலையில் இரண்டு மூட்டை போயிற்று. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சீக்கிரம் எடுக்கச் சொல்கிறேன் என்று நினைத்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆறாவது மூட்டையில் மிருதங்கம் கனக்கத் தொடங்கியது. பத்தில் ஜன்னல் நடுங்கியது. பதினாலாவதும் வாசலைத் தாண்டியபோது மச்சான் கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தார்.

“யாரது?”

“யாருமில்லீங்ணா. மிருதங்கம்” என்றாள் மனைவி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“மொதல்ல நல்லா இருந்துச்சே மாப்ள. இப்ப ஏன் வயிறு உப்புது?”

“அதே பொட்டி, அதே பாட்டு. மூட்டைதான் போயிருச்சு.”

அவர் நம்பவில்லை. வாசலுக்குப் போய் மூட்டையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். “ஏத்தறதா எறக்கறதா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க மொதலாளி” என்று சுமையாட்களில் ஒருவர் முனகினார். நாலு மூட்டை வந்தது. உப்பல் பாதியாயிற்று. பத்தில் அடங்கிவிட்டது. மச்சான் எழுந்து நின்று, “அந்த மூலைல இன்னொண்ணு, அப்பிடித் தள்ளி வெய்யி” என்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

பாட்டு முடிந்தது. மச்சான் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“இதே முழக்கந்தான் மாப்ள என்ற ஊட்லயும். அவ்வளவு காசு குடுத்த பொட்டி, அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன். வாரவங்களும் என்னா அடி, என்னா அடிங்கறாங்க.”

“உங்க கூடம் நீளம் எவ்வளவுங்க?”

“இருவத்தி நாலு.”

“அகலம்?”

அவர் கூரையைப் பார்த்தார். “வாஸ்துக்காரர் சதுரமாக் கட்டச் சொன்னாரு.”

மனைவி காலி டம்ளரை எடுத்தபடி கேட்டாள். “அப்பறம், என்னங்ணா சொல்றீங்க? பொட்டி இங்கயா, கொட்டாய்க்கா?”

“பொட்டி பாடுது அம்மிணி. ஊடுதான் கெடுக்குது. இங்கயே இருக்கட்டும்.”

பதினாலு மூட்டையும் மறுபடி ஏறியது. மஞ்சு இறங்கிவிட்டதால் பிக்கப் விளக்கைப் போட்டுக்கொண்டு போயிற்று.

காலிச் சாக்குகளில் சாமை உமியையும் இலவம்பஞ்சையும் நிரப்பினேன். மிளகின் கனம் இல்லாததால் முதலில் போதவில்லை. வறுத்த மணல் மிச்சம் இருந்தது, அதையும் கலந்தேன். பதினாறு சாக்கில் மிருதங்கம் ஒழுங்குக்கு வந்தது. மனைவி பழைய சேலையில் உறை தைத்துப் போட்டாள். அடுத்த வருட மிளகுக்கு உமியை வெளியே கொட்டிவிட்டு அதே இடத்தில் மூட்டையை அடுக்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது இடது பின்மூலைச் சாக்கின் மேல் உட்கார்ந்துதான் அவரைக்காய் உரிக்கிறாள். அவள் எழுந்து போனால் கீழ் சுரம் ஒரு துளி கூடுகிறது. அவளிடம் சொன்னேன். “அப்ப என்னையும் ஒரு மூட்டைங்கறீங்க” என்றாள்.

போன வாரம் மச்சான் போனில் கூப்பிட்டார்.

“மக்காச்சோள மூட்டை எட்டு, பண்ணையிலிருந்து கொண்டாந்து கூடத்துல வெச்சுட்டேன் மாப்ள. சத்தம் நல்லாத்தான் இருக்குது. உங்க அக்காதான் கிரானைட் தரையில எலி ஓடுதுன்னு திட்டறா.”

“பொட்டியக் கோழிக்கூடு ஆக்கறேன்னீங்களே மச்சான், என்னாச்சுங்க?”

“அதான் ஆயிருச்சே. தீனி பூரா கூடத்துக்கு வந்துருச்சு. கோழி மட்டுந்தான் இன்னும் வரல.”

“எட்டு பத்தாது” என்றேன். “உங்க கூடத்துக்கு முப்பதாச்சும் வேணும்.”

பின்னால் மச்சான் மனைவியான அக்காவின் குரல் கேட்டது. என்ன சொன்னார் என்று சரியாகக் கேட்கவில்லை. மச்சான் போனை வைத்துவிட்டார்.