மூன்று தடவை பார்த்த ரத்தம்

ராயபுரத்தில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு விலை குறைந்த எச்.ஐ.வி. கிட் ஒன்று வந்தது. அதை நம்பி வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. முடிவு ஏற்கெனவே தெரிந்த ரத்த மாதிரிகளை ஃபிரீசரிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக அதில் விட்டுப் பார்த்தேன். நோய் உள்ள ஒன்றைக்கூட அது தவறவிடவில்லை. ஆனால் நோயே இல்லாத இரண்டு மூன்றிலும் நோய் இருப்பதாக மங்கலாக ஒரு கோடு காட்டியது. காட்டட்டுமே, கோடு விழுந்தால் வேறு கம்பெனிகளின் இரண்டு கிட்டில் பார்த்துவிட்டுத்தானே முடிவு சொல்லப்போகிறோம்? விட்டுவிடுவதைவிடக் கூடுதலாகப் பிடிப்பது மேல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த இரண்டு மூன்றுக்கும் முகம் இருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த மாதமே ஒரு முகம் வந்தது. இறால் கம்பெனியில் வேலை செய்கிற பெண். அவர்களும் நானும் ஒரே கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள், எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கேட்பார்கள். அதற்கு ஓலை என்று பெயர். அவளுக்கு இரண்டு ஓலை ஆகியிருந்தது. மூன்றாவதற்குள் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்று அவளை இழுத்துக்கொண்டு வந்தவள் மாப்பிள்ளையின் அம்மா. மகன் கப்பலில் ஊர் ஊராகப் போகிறவன். அவனுக்கும் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

புது கிட்டில் மங்கலாக ஒரு கோடு விழுந்தது. மற்ற இரண்டு கிட்டையும் எடுத்து வைத்தேன். கவுண்டரில் அந்த அம்மாள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். பின்னால் வந்தவளுக்கெல்லாம் கொடுத்துவிட்டாயே, எங்களுக்கு மட்டும் என்ன கேடு என்று நாலாவது தடவை கேட்டபோது எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"இன்னும் ரெண்டு டெஸ்ட் கீதும்மா. மூணும் பாத்தாதான் பேப்பர்" என்று எல்லார் எதிரிலும் கத்தினேன்.

நோயின் பெயரைச் சொல்லவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு வேறு எனக்கு. அந்த அம்மாள் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அரை மணி நேரத்தில் மற்ற இரண்டும் சுத்தமாக வந்தன. நெகடிவ் என்று அடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் தனியாக வந்தாள். அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினாளாம். நல்ல ரத்தத்தை எவளாவது மூன்று தடவை பார்ப்பாளா என்று கேட்டு, அந்த அம்மாள் பேப்பரைத் தொடாமலே வாசலோடு அனுப்பிவிட்டாளாம். மூன்று தடவை பார்ப்பதுதான் முறை, பார்த்ததால்தான் நோய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தது என்று நான் விளக்கினேன். சீ, அந்த நேரத்தில் எனக்குப் பாடம் நடத்த வாய் வந்தது பார்!

முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"ஒரே தடவதான் பாத்தோம்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுக்கா."

பொய் எழுத முடியாது என்றேன்.

"அன்னிக்கு அவங்க மின்னாடி வாய மூடிகினு இருக்க முடியல. இன்னிக்கு பொய் எழுத முடியல. உன்னால இன்னாதான்கா முடியும்?"

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.