ரெண்டும் இடது

மில்கா ஹ்ராபோவ்ஸ்கியின் அடக்கத்துக்கு நல்லவிதமாக நாலு வரி எழுதித் தரச் சொல்கிறார் ஃபாதர். அவள் நல்லவிதமானவள் இல்லையே! எங்கள் கோயிலின் அடித்தளச் சமையலறையில் வெள்ளிக்கிழமைதோறும் பியரோகிக் கொழுக்கட்டை விற்கிறோம். நாங்கள் மாவுக்குள் பூரணம் வைத்து ஓரம் கிள்ளுவோம். அவள் பெட்டிகளில் டேப் ஒட்டி, எதில் கோஸ், எதில் சீஸ் என்று மார்க்கரால் எழுதுவாள். ஒருநாள் நான் கிள்ளிய ஓரமெல்லாம் பிரிந்துவிட, பெட்டியில் என் பெயரையே எழுதி விற்றவள்.

எங்கள் ஊரில் இரும்பாலை முதலாளி வெக்ஸ்கோம் குடும்பத்தின் பெயர் இல்லாத கட்டடம் கிடையாது. நூலகம், ஆஸ்பத்திரி, நீச்சல் குளம் எல்லாம் அவர்கள் உபயம். இரும்பாலையை மூடி நாற்பது வருஷம் ஆகிறது. புகை எங்கள் அப்பாக்களின் நுரையீரலோடு போனது. சொத்து மட்டும் பேரன், கொள்ளுப்பேரன் என்று கைமாறிக் கொழுக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் ஓர் அருங்காட்சியகமும் கட்டினார்கள். நுழைந்ததும் சுவரளவு படம்: 1953 கிறிஸ்துமஸ், முதலாளி கையால் ஷூ வாங்கித் தலைகுனிந்து நிற்கும் ஏழு வயதுச் சிறுமி. கீழே, ‘நன்றியுள்ள குழந்தை’.

அந்தக் குழந்தை மில்கா.

“நன்றியாவது! குனிஞ்சு ஷூவைப் பாத்துக்கிட்டு நின்னேன்டி. ரெண்டும் இடது கால்!”

மாற்றித் தரச் சொல்லி அவள் அப்பா ஆலை ஆபீசுக்குப் போனார். ஓசியில் வந்ததற்குக் குறை வேறா என்று கேட்டு, அவரை ஒரு வருஷம் உலை வாயிலேயே நிறுத்தினார்கள். மில்கா அந்தக் குளிர்காலம் முழுக்க அதையே போட்டுப் பள்ளிக்கு நடந்தாள். வலது கால் விரல்கள் கடைசிவரை கோணல்தான். ஷூவைத் தூக்கிப்போட அவள் அப்பா விடவில்லை.

திறப்பு விழாவில் படத்தருகே நிற்க அவளையே அழைத்தார்கள். ஃபாதர் கெஞ்சினார். “நம்ம சமையலறைக் கூரையை அவங்கதான் மாத்தித் தரப் போறாங்க, மில்கா. வாயை மட்டும் கொஞ்சம்…”

“ஒழுகினா சட்டி வைங்க, ஃபாதர்.”

விழாவில் நாலாம் தலைமுறை வெக்ஸ்கோம் மைக்கோடு வந்து இளித்தார். “அன்னைக்கு உங்க மனசு எப்படி இருந்துச்சும்மா?”

மில்கா பையிலிருந்து ஷூக்களை எடுத்து மேஜையில் வைத்தாள். “மனசு கிடக்கட்டும் தம்பி, கால் எப்படி இருந்துச்சுன்னு கேளு.”

அவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏதோ சின்னத் தப்பு நடந்திருக்கு…”

“சின்னதுதான். எழுபது வருஷமா மாத்தித் தரலை. இப்ப ஷூ வேணாம், அந்த வார்த்தையை எடு.”

“அறக்கட்டளைக் குழுவுல பேசிட்டுச் சொல்றேம்மா.”

“எங்கப்பாவும் பேசத்தான் போனாரு.”

என் பக்கம் கையை நீட்டினாள். டேப்பும் மார்க்கரும் என் பையில் இருந்தன, வேண்டுமென்றேதான் கொண்டுபோயிருந்தேன். அந்த இரண்டு வார்த்தைகளையும் டேப்பால் மூடி எழுதினாள்: ‘மில்கா ஹ்ராபோவ்ஸ்கி. ரெண்டும் இடது.’ எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூரை வரவில்லை. மூன்று சட்டி வைத்திருக்கிறோம். டேப்பை மறுநாளே பிய்த்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அங்கே அனுமதி இலவசம், அதனால் மில்கா வாராவாரம் போய் ஒட்டினாள். அவர்களும் வாராவாரம் பிய்த்தார்கள். போன வாரம் அவள் ஆஸ்பத்திரியில், அந்த வெக்ஸ்கோம் ஆஸ்பத்திரியில்தான், கண்ணை மூடிக் கிடந்தபோது எங்களோடு ஓரம் கிள்ளும் ஸோஃபி போய் ஒட்டினாள்.

நாளைக்கு அடக்கம் முடிந்ததும் என் முறை.