பூமயிலின் கேட்லாக்குகள்

முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மிளகாய்ப்பழம் பறிக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த பூமயில், கல்யாணமாகி இராமநாதபுரம் வந்த பிறகு பழைய சாமான் வியாபாரத்தில் இறங்கினாள். முதலில் வேறொருவர் கடையில் தரம் பிரிக்கும் வேலை. அப்புறம் கேணிக்கரைக்கு அப்பால் தகரக் கொட்டகை போட்டுச் சொந்தக் கடை. கணவன் கூத்தையா வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சாமான் எடுத்து வருவான். இரும்பு, பித்தளை, அட்டை, பிளாஸ்டிக் என்று பிரித்துக் கட்டுவது பூமயில். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள், இங்கிலீஷ் அறவே தெரியாது. ஆனால் எண் என்று வந்துவிட்டால் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் கீழக்கரையில் ஒரு பெரிய வீட்டை இடித்தார்கள். அந்த வீட்டு ஆண்கள் ஒரு காலத்தில் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் தொழில் செய்தவர்கள். அங்கே எடுத்த சாமான்களோடு ஒரு தகரப் பெட்டியும் கடைக்கு வந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு வண்ணப்படம். திறந்தால் சுருட்டி வைத்த பிலிம். பிளாஸ்டிக் சாக்கில் போடப் போனவள், என்னதான் இது என்று நுனியைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். நகத்தில் பாதி கூட இல்லாத கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தொப்பி போட்ட ஒருவன் குதிரை மேல் உட்கார்ந்திருந்தான். சாக்கை அப்படியே கீழே போட்டுவிட்டாள்.

பெட்டியின் அடியில் மூன்று மெல்லிய புத்தகங்கள் கிடந்தன. மூடியில் இருந்த அதே படங்கள் அவற்றிலும் வரிசையாக அச்சாகியிருந்தன. படத்துக்குப் பக்கத்தில் எண். மறுநாள் பூமயில் அந்த வீட்டுப் பெரியவரையே தேடிப் போய்க் கேட்டாள்.

"இது வீட்டுலயே போட்டுப் பாக்குற படம்மா," என்றார் அவர். "டிவி வராத காலம். இந்தக் கேட்லாக்கப் பாத்து, எந்தப் படம் வேணுமோ அந்த நம்பர எழுதி அனுப்புவோம். தபால்ல வரும். பிள்ளையள உக்கார வச்சு செவுத்துல போட்டுக் காட்டுவோம். இப்ப யாரு பாக்குறா? எடைக்குப் போட்டுரு."

எடைக்குப் போடவில்லை. கடையில் உட்கார்ந்து பெட்டிகளையும் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். புத்தகத்தில் நூற்றுக்கும் மேல் எண்கள் இருந்தன. கையில் இருந்ததோ பதினேழு. மற்றதெல்லாம் எங்கே போயிருக்கும்? இந்தக் கேள்வி அன்றைக்கு அவள் மண்டைக்குள் புகுந்ததுதான், இன்றுவரை வெளியேறவில்லை.

அதன் பிறகு கூத்தையா எந்த ஊருக்குக் கிளம்பினாலும், "சின்னப் பெட்டியில சுருட்டுன பிலிம் இருந்தா விட்டுறாதீங்க. பொஸ்தகமும் கேளுங்க," என்று சொல்லி அனுப்புவாள். தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம் என்று கடலோரத்தில் எங்கே பழைய வீட்டைப் பிரித்தாலும் அவளுக்குத் தகவல் வந்தது. படம் காட்டும் மெஷின் ஏர்வாடியில் ஒரு லாட்ஜின் சாமான் அறையிலிருந்து கிடைத்தது. பெல்ட் அறுந்து, பல்பு போயிருந்தது. ஆட்டோ எலெக்ட்ரீசியன் தர்மராஜ் அதற்குத் தையல் மெஷின் பெல்ட்டைக் கோத்து, காரின் ஹெட்லைட் பல்பைப் பொருத்தினார். பழைய பிளக்ஸ் பேனரின் பின்பக்கத்தை இழுத்துக் கட்டி, கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தார்கள். குதிரை ஓடியது. கூத்தையா கூட வாயைத் திறந்துகொண்டு பார்த்தான்.

உப்புக் காற்று பிலிமுக்கு ஆகாது என்பதை இரண்டு மூன்று படம் கெட்ட பிறகு கண்டுகொண்டாள். கெட்டுப்போகும் பிலிமில் காடி மாதிரிப் புளித்த வாடை அடிக்கும். எடைக்கு வந்த ஒரு பழைய பிரிட்ஜைக் கழுவித் துடைத்து அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கினாள். செருப்பு வரும் அட்டைப் பெட்டிகளில் கிடக்கும், ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து நடுநடுவே போட்டாள். பதினைந்து வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் படம், பத்தொன்பது கேட்லாக். ஒவ்வொரு கேட்லாக்கின் ஓரத்திலும் பென்சிலால் அவளே வகுத்துக்கொண்ட அடையாளங்கள் இருந்தன.

அப்போதுதான் சென்னையிலிருந்து வினோத்குமார் வந்தான். பழைய படங்களைப் பாதுகாக்கிற அமைப்பு நடத்துவதாகச் சொன்னான். "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். கொட்டகையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டான். நாற்பது படத்தையும் ஆறு கேட்லாக்கையும் எடுத்துப் போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு இரண்டே மாதத்தில் திருப்பித் தருவதாகச் சொன்னான். சாமான் வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி என்று ஒரு தாளை நீட்டினான். பூமயில் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதம் ஒன்றரை வருஷமானது. போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும், "மீட்டிங்ல இருக்கேன்க்கா."

மகள் ஜெயசுதா இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு வேலை பார்க்கிறாள். போன சித்திரையில் ஒருநாள் காலை அவள்தான் கூப்பிட்டாள். "எம்மா, இங்கன பக்கத்துல பெரிய ஓட்டல் ஒண்ணுல கண்காட்சி போட்டுருக்காங்க. நம்ம பொஸ்தகம் மாதிரியே இருக்கு. நீ வாரியா?"

பூமயில் கடையைப் பூட்டக்கூட இல்லை. கூத்தையாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

குளிரூட்டிய கூடம். கண்ணாடிப் பேழைக்குள் அவளுடைய ஆறு கேட்லாக்கும் விரித்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் மூன்று படப்பெட்டிகள். சுவரில், கொட்டகைக்கு வந்த அன்று அவன் எடுத்த அவளுடைய புகைப்படமும் பெரிதாகத் தொங்கியது, தராசுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பது போல. அதன் கீழே, 'பழைய பொருள் பொறுக்கும் பெண்.' பேழைக்குள் இருந்த அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'வினோத்குமார் சேகரிப்பு. கடற்கரையோரக் குப்பைமேட்டில் கண்டெடுக்கப்பட்டவை. ஓரங்களில் உள்ள கிறுக்கல்கள், பெயர் தெரியாத ஒரு குழந்தையுடையவை.'

கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள்.

"யாருலே இதை எழுதுனது?" அவள் போட்ட சத்தத்தில் கூடத்தில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் திரும்பினார்கள். வெள்ளைச் சட்டையில் நின்ற வினோத்குமார் சிரித்துக்கொண்டே ஓடி வந்தான்.

"அக்கா! வாங்க, வாங்க. நானே கூப்பிடணும்னு இருந்தேன். பாருங்க, உங்க போட்டோ கூட வச்சிருக்கேன்."

"எனக்குப் பேரு இல்லையா? எங்கய்யா பூமயில்னு பேரு வச்சாரு. அதை எழுதுனா ஒன் அட்டை கிழிஞ்சிருமா?"

"அக்கா, கொஞ்சம் மெதுவா…"

"எந்தக் குப்பைமேட்டுல எடுத்தேன்? சொல்லு. வீடு வீடாப் போயி, கேட்டு, எடை போட்டு வாங்குனது. பதினஞ்சு வருசம் பொத்திப் பொத்தி வச்சது. நீ ஒரு நாளு வந்து சோறு தின்னுட்டுத் தூக்கிட்டுப் போன. இப்ப ஒன் சேகரிப்பா?"

ஓட்டல் மேலாளர் மகேஸ்வரி வந்து என்ன விஷயம் என்று கேட்டாள். வினோத்குமார் போனைத் திறந்து அந்தத் தாளின் படத்தைக் காட்டினான். "இவங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது மேடம்."

மகேஸ்வரி படித்துவிட்டுத் தயங்கினாள். "அம்மா, இதுல எல்லாத்தையும் அன்பளிப்பாத் தர்றதா இங்கிலீஷ்ல இருக்கே."

"அன்பளிப்பா? நான் என்ன இவன் கல்யாணத்துக்கு மொய் செய்யவா போனேன்? சாமான் வாங்குனதுக்கு அத்தாட்சின்னு சொன்னான் தாயி. கேளு அவன்ட்ட, எனக்குப் படிச்சுக் காட்டுனானான்னு."

வினோத்குமார் போனை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பூமயில் பேழையைத் தட்டினாள். "கொழந்தை கிறுக்குனதாம்ல. இந்தா பாரு தாயி. வட்டம் போட்டிருந்தா படம் முழுசா இருக்கு. வட்டத்துக்குள்ள புள்ளி வச்சா ரெண்டு காப்பி. பெருக்கல் போட்டிருந்தா பெட்டி மட்டுந்தான், படம் இல்லை. இந்தக் கொக்கி இருக்குல்ல, அதுக்கு அர்த்தம் படம் இருக்கு, பெட்டி மக்கிப்போச்சு, வேற பெட்டியில போட்டிருக்கேன். எந்தப் பெட்டின்னு கொக்கிக்குப் பக்கத்துல நம்பர் இருக்கும்."

மகேஸ்வரி குனிந்து பார்த்தாள்.

"இவன் வச்சிருக்கானே மூணு பெட்டி. நடுவுல இருக்குறது மேல குதிரைக்காரன் படம். உள்ள குதிரை இல்லை. பனியில சறுக்குற கரடி. தொறந்து பாரு."

"அதெல்லாம் தொடக்கூடாது மேடம், ரொம்பப் பழசு," என்றான் வினோத்குமார். மகேஸ்வரி அவனைப் பார்த்தபடியே கையை நீட்டினாள். வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தான். அவள் பெட்டியைத் திறந்து பிலிமின் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சுற்றிலும் கூட்டம் நெருக்கியது.

"கரடிதான்," என்றாள்.

பெட்டிக்குக் கீழே இருந்த அட்டையில், குதிரை வீரன் படத்தின் அருமை பெருமைகள் ஒன்பது வரிக்கு அச்சாகியிருந்தன. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பூமயில் சிரிக்கவில்லை. ஒன்றரை வருஷம் வைத்திருந்தவன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திருடியதை விட அதுதான் பொறுக்கவில்லை.

ஜெயசுதா அவள் கையைப் பிடித்தாள். "எம்மா, வா போவோம். போலீஸ்ல சொல்லிக்கிருவோம்."

"நான் எங்கயும் போகலை," என்று பேழைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் கூடத்தை மூடுகிற வரை அங்கேயே இருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், இது யாருடையது என்று சொன்னாள். கோயிலுக்கு வந்திருந்த ஒரு குடும்பம் அரைமணி நேரம் நின்று கேட்டது. மறுநாள் காலை மகளின் லாட்ஜிலிருந்து கிளம்பி வந்து திரும்பவும் உட்கார்ந்தாள். வினோத்குமார் பணிந்து பேசிப் பார்த்தான், கோபப்பட்டுப் பார்த்தான், அட்டையில் அவள் பெயரையும் சேர்ப்பதாகச் சொல்லிப் பார்த்தான்.

"ஒன் அட்டையில எம்பேரு எதுக்கு? என் சாமானக் குடு."

மூன்றாம் நாள் மகேஸ்வரியே முடிவு சொன்னாள். கண்காட்சி இன்றோடு முடிந்தது, பொருளை இந்த அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று வினோத்குமாரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். பூமயில் எண்களைப் பார்த்துப் பார்த்து வாங்கினாள். ஆறு கேட்லாக்கும் வந்தன. படங்கள், அவன் காரில் வைத்திருந்தவற்றையும் சேர்த்து, முப்பத்து மூன்றுதான் இருந்தன. மிச்சம் ஏழும் சென்னையில் லேப்பில் இருக்கின்றன என்றான். எந்த லேப் என்று அவள் கேட்பதற்குள் காரில் ஏறிவிட்டான்.

திரும்பி வருகிற பஸ்ஸில், மடியில் இருந்த அட்டைப் பெட்டிக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார் கண்டக்டர். மூன்று நாளாகச் சேர்ந்த கோபம் மொத்தமும் பாம்பன் பாலத்தின் மேல் அவர் தலையில் விடிந்தது. பாவம், அவர் ஒன்றும் அறியாதவர். மண்டபம் வருவதற்குள் பக்கத்து சீட்டில் இருந்த பெண்ணுக்கு முழுக் கதையும் தெரிந்துவிட்டது.

வீட்டில் கூத்தையா, "முப்பத்து மூணு வந்துருச்சுல்ல, விடு. அவனோட மல்லுக்கட்ட நம்மால ஆகுமா?" என்றான்.

"அப்ப அந்த ஏழு?"

அந்த வாரமே காவல் நிலையத்துக்குப் போனாள். எழுத்தர், "என்னம்மா, பழைய பிளாஸ்டிக்கா?" என்று கேட்டபடி எழுதத் தொடங்கினார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள். 'பழைய சாமான் ஏழு' என்று இருந்தது. அதை அடிக்கச் சொன்னாள். ஏழு படத்தின் எண்ணையும், மூடியில் இருந்த படத்தையும், சுருளின் நீளத்தையும் மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தாள். ஒரு தாளில் முடியவில்லை. எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்தார். இரண்டாம் தாளை எடுத்தார்.

ஆடியில் மூன்று படங்கள் கூரியரில் வந்தன. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. இன்னும் நாலு வரவேண்டும். மாதம் ஒருமுறை, புகாருக்குக் கொடுத்த ரசீதை எடுத்துக்கொண்டு பூமயில் காவல் நிலையத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறாள். "சொல்லியிருக்கோம்மா," என்கிறார்கள். "யார்ட்ட, என்னைக்குச் சொன்னீக?" என்று கேட்டு, அவர்கள் சொல்லும் தேதியை ரசீதின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்கிறாள்.