என்னோடு ஓடிய கம்பெனி

சிவகாசிப் பக்கம் பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்குபவன் நான். எங்கள் வேலையில் ஒருவன் ஓடினால் ஏதோ வெடிக்கப்போகிறது என்று அர்த்தம். மாதக்கணக்காக நிற்காத வயிற்றுப்போக்கில் ஒருநாள் நான் கழிப்பறைக்கு ஓட, மொத்தக் கம்பெனியும் பின்னால் ஓடிவந்தது.

"இனிமே வயித்துக்குன்னு சொல்லிக்கிட்டே ஓடுங்க அண்ணாச்சி" என்றார் போர்மேன், வெளிறிய முகத்தோடு.

கெமிக்கல் குடலை அரித்துவிட்டது, சாவு நிச்சயம் என்ற முடிவோடு, இடுப்பில் நிற்காத வேட்டியைப் பிடித்தபடி மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"முன்னால ஆபரேஷன் ஏதாவது?" என்றார் டாக்டரம்மா.

"கல்லுக்காகப் பித்தப்பையை எடுத்தாக. அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

பித்தப்பையை எடுத்த சிலருக்குப் பித்தநீர் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் வயிற்றுப்போக்கு வரலாம் என்று சொல்லி, ஒரு பொடி கொடுத்தார். அந்தப் பொடிக்குப் போக்கு நின்றால் நோய் இதுதானாம். நின்றது.

இப்போது பல்வலிக்குப் போனாலும் முதலில் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டிவிடுகிறேன்.