இருமலை ஆராய்ந்தவர்

ஹைதராபாத் மல்காஜ்கிரியில் எங்கள் சர்ச் ஹாலுக்கு ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார், தமிழர்தான். குப்பை எரிக்கும் புகையில் நுரையீரல் கெட்டிருக்கிறதா என்று, இருமும் சத்தத்தை வைத்தே சொல்லும்படி ஒரு கம்ப்யூட்டரைப் பழக்கியிருந்தாராம். இருமல் உள்ளவர்கள் அவசியம் வரவேண்டும் என்று ஞாயிறு ஆராதனையில் அறிவித்தார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டியை நான் கூட்டிப் போனேன்.

ஆராய்ச்சியாளர் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. பேச்சுக்கு நடுவே காலர் மைக்கை, பெற்ற பிள்ளையைத் தடவுவதுபோல அடிக்கடி தடவிக்கொண்டார். ஆன்ட்டி இரண்டாம் முறை இருமியதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

"அந்தம்மாவக் கொஞ்சம் வெளிய உக்கார வைங்க. என் பேச்சு ரெக்கார்டிங் போயிட்டிருக்கு."

"இதக் கேக்கத்தானே சார் மெஷின் வச்சிருக்கீங்க?" என்றேன்.

"நோ நோ மேடம். ஃபேன் சத்தம் கலந்திருக்கு. இது க்ளீன் சாம்பிள் இல்ல."

மேதை! ஹைதராபாத் வெயிலில் ஃபேனை அணைத்துவிட்டு இருமுகிறவர்களை எங்கே கண்டுபிடித்தாரோ!

வராந்தாவில் உட்கார்ந்தோம். உள்ளே கைதட்டல் கேட்டது. ஆன்ட்டி மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"ஹவ், சரிம்மா, இவரு பேசட்டும். இருமலக் கேக்குறவர் வருவார்னு சொன்னாங்களே, அவர் எப்பம்மா வருவாரு?"