மாடிப்படிக்கு அடியில் மூன்று தட்டு

தெல்மா அக்ராய்டு வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளை மிரட்டி முட்டைக்கோஸ் தின்னவைத்த குரல் அது. திறந்தவெளி அருங்காட்சியகத்தின் இரண்டாம் உலகப் போர்க்கால விழாவில், குண்டுவீச்சின்போது ஜனங்களை வெளியேற்றும் வான்தாக்குதல் காவலர் வேஷம் வருஷா வருஷம் அவளுக்குத்தான். இரும்புத் தொப்பியை மாட்டிவிட்டால் அம்மணிக்குத் தலைகால் புரியாது.

அங்கே நிற்கும் செங்கல் வீடு இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. தெல்மாவின் அம்மா ஐவி பிறந்த வீடு. போரில் குண்டு விழுந்து சரிந்ததை அப்போதே எடுத்துக் கட்டியிருந்தார்கள். அந்த இடிபாட்டில்தான் ஐவியின் தம்பி லென் செத்துப்போனான். அப்போது ஐவிக்கு ஏழு வயது.

"உள்ளேர்ந்து ஒரு சத்தமும் வரலையாம், அம்மா. நொடியில உசுரு போயிருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே தெல்மா அம்மாவைத் தேற்றிவந்தாள். இந்த வருஷம்தான் கிழவி சக்கர நாற்காலியில் வரச் சம்மதித்தாள். சாவதற்குள் அம்மாவின் மனசு ஆறவேண்டும், தெல்மாவுக்கு வேறென்ன ஆசை!

நாடகம் சின்னது. தெல்மா விசில் ஊதுவாள், கூட்டம் மூச்சுக் காட்டாது. "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்பாள். மாடிப்படிக்கு அடியிலுள்ள அறையிலிருந்து, கூட நடிக்கும் க்ளிஃபர்ட் மூன்று முறை தட்டுவான். அவனை இழுத்து வந்தபின், 'எல்லோரும் வெளியே வந்தாயிற்று' என்று வாசற்கதவில் சாக்பீஸால் எழுதுவாள்.

அன்றும் கேட்டாள். மூன்று தட்டு வந்தது, மெல்ல, கீழிருந்து. 'பய இன்னைக்கு நடிப்புல பின்றானே' என்று நினைத்தபடி தாழ்ப்பாளை நீக்கினாள். உள்ளே துடைப்பம் மட்டும் இருந்தது.

"கோவிச்சுக்காத தெல்மா, டீக்கடை வரிசையில மாட்டிக்கிட்டேன்!" வாசலில் கோப்பையும் கையுமாக க்ளிஃபர்ட். கூட்டம் சிரித்தது.

"அடப்பாவி, நீ உள்ள இல்லையா? அப்ப தட்டினது யாரு?" அறைக்கதவை அறைந்து சாத்தித் தாழிட்டுவிட்டு வெளியே ஓடி வந்தாள்.

மறுபடியும் மூன்று தட்டு. ஜனங்கள் கைதட்டினார்கள். வாசற்படியருகே நாற்காலியிலிருந்த ஐவி தட்டவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான்டி தட்டினான்."

"யாருக்கும் கேக்கலைன்னுதானேம்மா..."

"எனக்குக் கேட்டுது. எப்பவும் அங்கதான் ஒளிஞ்சுக்கிட்டுத் தட்டி என்னைச் சீண்டுவான். காவலர் வந்து, வெளிய நின்ன என்கிட்ட உள்ள யாராச்சும் உண்டான்னு கேட்டாரு. கொஞ்ச நேரம் கெடக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும்னு, யாரும் இல்லைன்னுட்டேன். அப்புறம் குண்டு விழுந்து வீடே உக்காந்துருச்சு."

இத்தனை வருஷமும் தேறுவதுபோல அம்மா தலையாட்டியது தனக்காகத்தான் என்று தெல்மாவுக்குப் புரிந்தது.

"எழுதி முடி, கூட்டம் நிக்குது" என்று க்ளிஃபர்ட் சாக்பீஸை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

ஐவி கைத்தடியால் வாசற்படியில் மூன்று முறை தட்டினாள்.

"போதும்டா லென். வெளிய வா. அக்கா கோவமா இல்ல."

உள்ளே, தெல்மா இட்ட தாழ்ப்பாள் மெதுவாக விலகியது.